மூன்றாம் கட்டம்

விமானம் தென்னை மரங்களின் தலையை உரசுவதுபோல் இறங்கியபோது தபீதா இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விமானத்துக்குப் பயப்படுகிறவள் இல்லை அவள். தலைநகர்த் தீவான தாரவாவிலிருந்து வெளித்தீவுகளுக்குப் போய்வருவதே அவளுடைய பிழைப்பு. இந்தத் தகர டப்பாவுக்குள் பன்றிக்குட்டியும் அரிசி மூட்டையும் மடியில் ஏறி உட்கார்ந்தாலும் தூங்கிக்கொண்டே வருவாள். இன்றைக்குத்தான் தூக்கம் வரவில்லை. ரவபோனோத் தீவில் இறங்கவே கால் கூசியது.

அரசாங்கத்தின் திட்டப் பிரிவில் அவளுக்கு வேலை. உலக நாடுகளெல்லாம் கூடி உட்கார்ந்து பதினேழு இலக்குகளை எழுதி வைத்திருக்கின்றன. வறுமை ஒழிய வேண்டும், பசி ஒழிய வேண்டும், எல்லோருக்கும் நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டும், இப்படி ஒவ்வொன்றும் நல்ல வார்த்தைதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கடலுக்கு நடுவில் சிந்திக்கிடக்கும் கிரிபாத்தி நாட்டின் மணல் கீற்றுகளில் எந்தத் தீவுக்கு எதை எப்போது செய்வது என்று யாராவது ஒருத்தர் உட்கார்ந்து பிரித்தாக வேண்டுமே? அந்த ஒருத்தி தபீதா. தண்ணீர் இலக்கு அவள் பொறுப்பு. தீவுகளை மூன்று கட்டமாகப் பிரித்திருந்தாள். முதல் கட்டத்துக்குப் பணம் வந்தாயிற்று. இரண்டாம் கட்டத்துக்கு வரப்போகிறது. மூன்றாம் கட்டத்துக்குப் பணமும் கிடையாது, வருஷமும் கிடையாது.

ரவபோனோவை மூன்றாம் கட்டத்தில் போட்டவள் அவளேதான். ஜனம் குறைவு, தூரம் அதிகம், கப்பல் நெருங்க முடியாத பவளத்திட்டு, தரை உயரமோ முழங்கால் அளவுகூட இல்லாத இடங்கள். கணக்கு சரியாகத்தான் வந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் சரியாகவே வந்து தொலைத்தது.

கிளம்பும் முன்னால் மேலதிகாரி கபூவா அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மூணாம் கட்டம்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல வாயத் திறக்காத. எல்லாத் தீவுலயும் மனேயபாவுல ஊர் கூடிச் சம்மதிச்சாதான் வெளிநாட்டுக்காரன் காச அவுப்பான். ஒரு தீவு முடியாதுன்னாலும் மொத்தமும் நின்னுடும். மத்த தீவுல தொட்டி கட்டக் காத்துட்டிருக்காங்க, ஞாபகம் இருக்கட்டும்."

"மூணாம் கட்டம் எப்போன்னு கேட்டா சார்?"

"ரெண்டாம் கட்டம் முடிஞ்சதும்னு சொல்லு. பொய் இல்லயே?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாரு, தண்ணி இல்லாம போனா அவங்களே ஒவ்வொருத்தரா கிளம்பித் தாரவாவுக்கு வந்துடுவாங்க. நாம போகச் சொல்ல வேண்டியதே இல்ல. அந்த வெளிநாட்டு ஆலோசகர் அதுக்கு ஒரு அழகான பேர்கூட வெச்சிருக்கார், விருப்ப இடப்பெயர்வாம்."

கபூவா கெட்டவர் இல்லை. அதைச் சொன்னபோது தபீதாவின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். தபீதாவின் பெண் ரவபோனோவில் வளர்கிறாள் என்பது அவருக்கும் தெரியும்.

ஆமாம், பெற்ற பெண். அகேதா பால் குடித்துக்கொண்டிருந்த நாளில், தபீதாவின் புருஷனுடைய அக்கா தெராகா ரவபோனோவிலிருந்து கப்பலேறித் தாரவாவுக்கு வந்தாள். தெராகாவுக்குப் பிள்ளை இல்லை. பாயில் உட்கார்ந்து, கொடுத்த மீனைச் சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, குழந்தையைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னாள். புபுத்தி.

அந்தச் சொல்லுக்கு 'மாட்டேன்' என்று பதில் கிடையாது. படகைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும், போட்டிருக்கிற சட்டையைக் கேட்டாலும் கழற்ற வேண்டும். மறுத்தவன் அதற்குப் பிறகு நாலு பேர் நடுவில் உட்கார முடியாது. அதனால்தான் அந்த ஊர்களில் புது சைக்கிள் வாங்கியவன் பூட்டைத் தேடுவதில்லை, ஒளித்துவைக்க ஒரு மறைவைத் தேடுகிறான். ஆனால் மார்பில் இருக்கிற குழந்தையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? தபீதா கொடுத்தாள். பால் கட்டிக்கொண்டு ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். அந்த ஊரில் அது அதிசயம் இல்லை. பிள்ளை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவது உறவுக்கு முடிச்சுப் போடுகிற மாதிரி. அவளும் அப்படியேதான் மனதைத் தேற்றிக்கொண்டாள், மூன்றாம் கட்டத்தைத் தன் கையால் எழுதுகிறவரைக்கும்.

இப்போது பெண்ணைத் திரும்பக் கேட்டு வாங்கத்தான் வந்திருக்கிறாள். மனேயபாவில் சம்மதம் வாங்குவது அரசாங்க வேலை. இது அவளுடைய வேலை. புபுத்தியில் கொடுத்ததைப் புபுத்தி சொல்லியே திரும்ப வாங்குவது கேவலம் என்று அவளுக்குத் தெரியும். தனியாகக் கேட்டால் போதும், தெராகா கொடுத்துவிடுவாள், வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்று விமானத்தில் வரும்போதே மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டாள்.

ஓடுபாதை ஓரத்தில் தெராகா தலைமாலையோடு நின்றிருந்தாள். தனியாக இல்லை. கூடவே நான்கைந்து பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"மௌரி! வா வா. என்ன தபீதா, நாற்காலியில உக்காந்து உக்காந்து நாற்காலி மாதிரியே ஆயிட்ட?" என்று தெராகா மாலையைத் தலையில் வைத்தாள். பெண்கள் சிரித்தார்கள்.

"அகேதா எங்கக்கா?"

"கிளிஞ்சல் பொறுக்கப் போயிருக்கா."

"இன்னிக்கா? நான் வரேன்னு தெரியாதா அவளுக்கு?"

"வருவா, வருவா. எங்க போயிடுவா, இருக்கறதே ஒரு முழத் தீவு."

தெராகாவின் கண் நிலைகொள்ளவில்லை. தபீதாவுக்குப் புரிந்துவிட்டது. கேட்டுவிடுவாளோ என்று பயந்து குழந்தையை மறைத்துவிட்டாள்.

கிராமத்துக்கு நடக்கும்போது தெராகா ஒரு நிமிஷம்கூடத் தனியே சிக்கவில்லை. தபீதா பக்கத்தில் நெருங்கினால், அவள் கூட வந்த மெரேதாவை இழுத்து நடுவில் விட்டுக்கொண்டாள். மெரேதா நிறைமாதக்காரி. வயிறு முன்னால் போக அவள் பின்னால் வந்தாள், வாய் மட்டும் எல்லோருக்கும் முன்னால் போனது.

"அரசாங்கம் எங்களுக்கு என்ன கொண்டாந்திருக்கு? போன தடவ ஒருத்தன் வந்தான், பதினேழு கட்டம் போட்ட படம் ஒண்ணு குடுத்தான். கலர் கலரா இருந்துச்சு. என் மாமியா அத வெச்சு ஓலைக் கூரையில ஓட்டைய அடைச்சிருக்கா."

"ஒழுகலயே?" என்றாள் இன்னொருத்தி.

"மழ பெஞ்சாதான தெரியும்!"

எல்லோரும் சிரித்தார்கள். தபீதாவும் சிரித்தாள், ஆனால் அவள் கண் பபாய்க் குழிகள் பக்கம் போய்விட்டது. பபாய் என்றால் சேப்பங்கிழங்கின் பெரியண்ணன். மண்ணைத் தோண்டி நிலத்தடி நன்னீர் தட்டுப்படும் பள்ளத்தில் நடுவார்கள். ஒரு குடும்பத்தின் மானமே அந்தக் குழிதான். இங்கே குழிக்குக் குழி இலைகள் ஓரம் கருகி மஞ்சளடித்துக் கிடந்தன. சில குழிகளில் செடியே இல்லை, கலங்கிய தண்ணீர் மட்டும் நின்றது. அவள் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்க நினைத்தாள். பெண்கள் பார்க்கிறார்களே என்று நிமிர்ந்துகொண்டாள்.

"இன்னிக்குக் கடல்ல பெரிய ஏத்தம்," என்றாள் மெரேதா, வயிற்றைத் தாங்கிக்கொண்டே. "கடல் கரைய தாண்டி வராது. அதுக்கெல்லாம் சுவர் கட்டி வெச்சிருக்கோம். அது மண்ணுக்கு அடியிலேருந்து வரும். நீயே பாப்ப."

அவள் சொன்ன விதத்தில் பயம் இல்லை. மாமியார் குணத்தைச் சொல்லுகிற மாதிரி சொன்னாள். அந்தச் சாதாரணம்தான் தபீதாவைக் கிலி பிடிக்க வைத்தது.

மனேயபா தீவின் நடுவில், பெரிய ஓலைக்கூரையைத் தோள்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அரசாங்கமே ஆனாலும் குனிந்துதான் ஆக வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அங்கே தலைமுறை தலைமுறையாக ஒரு இடம் உண்டு, யாரும் இடம் மாறி உட்கார மாட்டார்கள். தெராகாவும் தன் குடும்பத்துத் தூணடியில் போய் உட்கார்ந்தாள். இனி கூட்டம் முடிகிறவரைக்கும் அவள் எழுந்து ஓட முடியாது. ஆனால் தனியாகவும் கிடைக்க மாட்டாள்.

சாப்பாடு முடிந்தது. பாட்டு ஒன்று ஆயிற்று. பிறகு தபீதா எழுந்து பேசினாள். பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, இருபது தீவுகளில் பேசியதுதான். கல்வி, மீன்வளம், சூரிய விளக்கு என்று ஒவ்வொரு இலக்காகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஜனங்கள் விசிறிக்கொண்டே கேட்டார்கள். தண்ணீர் என்று வந்ததும் விசிறிகள் நின்றன.

"ரவபோனோவுக்குக் குடிதண்ணி இயந்திரமும் மழைநீர்த் தொட்டிகளும் மூணாம் கட்டத்துல வருது," என்றாள். குரல் தடுமாறவில்லை. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

தென் ஊரியாம்தான் முதலில் வாயைத் திறந்தார்; 'தென்' என்பது அங்கே மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் வருவது. அந்த மனேயபாவில் கடைசி வார்த்தை அவருடையது. இளவயதில் வெளிநாட்டுப் பயணிக் கப்பல்களில் உலகம் சுற்றியவர். இன்னமும் கப்பல்காரத் தொப்பியைக் கழற்றுவதில்லை.

"மூணாம் கட்டம்னா எப்போம்மா?"

"ரெண்டாம் கட்டம் முடிஞ்சதும், பெரியவரே."

"ரெண்டாம் கட்டம் எப்போ முடியும்?"

"முதல் கட்டம் முடிஞ்சு..."

மனேயபா முழுக்கச் சிரிப்பு. ஊரியாமும் சிரித்தார், கண் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் கப்பல்ல இருந்தவன். கப்பல் முழுகுதுன்னா யார முதல்ல படகுல இறக்கணும்னு ஒரு வரிசை சொல்லிக் குடுப்பாங்க. முதல்ல பொம்பள, குழந்தை. அப்புறம் பயணிங்க. மூணாவது வரிசை யாரு தெரியுமா? நாங்க. கப்பல்காரனுங்க. எங்களுக்குப் படகுல இடம் இருக்காதுன்னு எங்களுக்கே தெரியும். ஆனா வரிசையில பேரு இருக்கும்." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எங்க பேரு அந்த மாதிரி வரிசையிலயா இருக்கு?"

தபீதா கையிலிருந்த சம்மதக் காகிதத்தைப் பார்த்தாள். இவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். தெரிந்துவிட்டால் சம்மதம் கிடையாது, மொத்தத் திட்டமும் விழும். மற்ற தீவுகளில் தொட்டிக்குக் குழி வெட்டிக் காத்திருக்கிற முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

"அப்படி இல்ல பெரியவரே. இது அப்படி இல்ல," என்றாள்.

"எப்படி இல்ல?"

மெரேதாதான் கைகொடுத்தாள். இருந்த இடத்திலிருந்தே உரக்கச் சொன்னாள்:

"என்ன பெரியவரே, இவள போய்ப் படுத்தறீங்க? இவ பெத்த பொண்ணு இங்கதான கிடக்கு? நம்ம கிணத்துத் தண்ணியதான குடிக்குது? நம்மள ஏமாத்துவா, சரி, அரசாங்கக்காரிதான. பெத்த பொண்ணையுமா ஏமாத்துவா?"

"அதான!" என்று பல குரல்கள் எழுந்தன. இறுகியிருந்த முகங்கள் இளகின. ஊரியாம்கூடத் தலையை ஆட்டிக்கொண்டார். அது அவருக்கும் நியாயமாகப் பட்டது. அகேதா அந்த ஊரில் இருக்கிறவரை அரசாங்கத்தின் ஒரு கண் அங்கே இருக்கிறது என்றே இத்தனை வருஷமும் அவர்கள் நம்பியிருந்திருக்கிறார்கள். தபீதாவுக்கு அது இந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"சரி, பேனாவக் கொண்டாங்க," என்றார் ஊரியாம்.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். மனேயபாவின் ஓரத்தில், வெள்ளைப் பவளச் சல்லி பரப்பிய தரையில், நண்டு வளை ஒன்றின் வாயில் தண்ணீர் குமிழியிட்டது. வானம் வெளுப்பாக இருந்தது, ஒரு பொட்டு மேகமும் இல்லை. கடலும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. ஆனாலும் தண்ணீர் வந்தது. ஒரு வளை, பக்கத்தில் இன்னொன்று, பிறகு தூணடியில். சத்தமே இல்லாமல் ஊறிப் பாயின் ஓரத்தை நனைத்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமலே பாயைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீரை மிதித்துக்கொண்டு ஒரு சிறுமி குனிந்து உள்ளே வந்தாள். கையில் தட்டு, தட்டில் கோப்பைகள். விருந்தாளிக்குப் பானம் கொடுக்க யாரோ அவளை அனுப்பியிருக்க வேண்டும். தெராகா தூணடியிலிருந்து பாதி எழுந்து, முடியாமல் உட்கார்ந்தாள். கையால் 'போ, போ' என்று ஜாடை காட்டினாள். சிறுமி பார்க்கவில்லை.

அகேதாவைத் தபீதா பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. உயரமாகியிருந்தாள். எலும்பும் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே ஆறாத புண்கள், ஓரம் வெளுத்து, ஈ மொய்த்துக் கிடந்தன. கண் மட்டும் தபீதாவின் அம்மா கண்.

"மௌரி, தாரவா அம்மா," என்று கோப்பையை நீட்டினாள்.

பதநீர்ப் பாகைத் தண்ணீரில் கரைத்த பானம். தபீதா ஒரு வாய் குடித்தாள். இனிப்புக்கு அடியிலிருந்து உப்பு எழும்பி வந்து தொண்டையைப் பிடித்தது. விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் முட்ட விழுங்கினாள்.

"உப்பா இருக்கா?" என்றாள் அகேதா, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, ரகசியம்போல். "பழகிடும். எனக்கு முதல்ல வயித்தால போய்ட்டே இருந்துச்சு. இப்ப ரெண்டு நாளைக்கு ஒருக்காதான். சின்னவங்களுக்குத்தான் பழக மாட்டேங்குது. எங்கூட விளையாடற ரூதாவோட தம்பி செத்துப் போச்சு."

அந்தப் பக்கம் ஊரியாம் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கபூவா சொன்னது தபீதாவுக்கு மறந்துபோகவில்லை. எல்லாம் ஞாபகம் இருந்தது. மற்ற தீவுகள் ஞாபகம் இருந்தன. தனியாகக் கேட்க வேண்டும் என்று போட்ட திட்டமும் ஞாபகம் இருந்தது. ஆனால் நாளைக் காலை விமானம், அதற்குள் தெராகா பிள்ளையை மறுபடி எங்கேயாவது ஒளித்துவிடுவாள், பிறகு எப்போதோ. இனி ஒரு கோப்பை, அதற்கப்புறம் இன்னொரு கோப்பை என்று இந்தப் பெண் குடித்துக்கொண்டே இருப்பாள். பயம் அவள் கழுத்தைப் பிடித்துத் திருப்பியது. அவள் தூணடியைப் பார்த்தாள்.

"தெராகா அக்கா," என்றாள். சத்தமாகத்தான் வந்தது. "புபுத்தி. என் பொண்ணக் குடுத்துடு."

விசிறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. ஊரியாமின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

சொன்ன பிறகுதான் தபீதாவுக்கு உறைத்தது, தான் கேட்டது தெராகாவுக்கு மட்டும் கேட்கவில்லை. மூன்றாம் கட்டம் என்றால் என்ன என்று ஊருக்கே சொல்லிவிட்டாள். இதைவிடத் தெளிவாக எந்த அதிகாரியும் எந்தத் தீவிலும் சொல்லியிருக்க மாட்டார்.

தெராகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகம் சாம்பல் பூத்துவிட்டது. இனி அவளுடைய முறை. கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவளும் கேட்கலாம், என்ன வேண்டுமானாலும். தபீதா காத்திருந்தாள். எங்கள் தீவை முதல் கட்டத்தில் போடு என்று கேட்டால்? இந்த மனேயபாவில் வைத்து அதற்கு ஆகட்டும் என்று சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் வேறொரு தீவைப் பிடித்து மூன்றாவதில் தள்ள வேண்டியிருக்கும்.

"எடுத்துக்கோ," என்றாள் தெராகா. குரல் உடைந்தது. "குடுத்துட்டேன். இப்ப நான் ஒண்ணு கேக்கறேன்."

"கேளுக்கா."

"அவளுக்கு இருட்டுன்னா பயம். தூங்கறப்ப விளக்க அணைக்காத. புபுத்தி."

தபீதா வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். அகேதா ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்த் தெராகாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அம்மா, நான் போகல. நான் என்ன பண்ணேன்?"

தெராகா பின்னால் கையை விட்டு அவள் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

கத்துவார்கள், துரத்துவார்கள் என்று தபீதா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். யாரும் கத்தவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். ரூதாவின் அம்மா, தம்பியைப் பறிகொடுத்த அந்த வீட்டுக்காரி. ரூதாவைக் கையில் பிடித்து அழைத்துக்கொண்டு, ஈரப் பாய்களைத் தாண்டி, தபீதாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"இவளையும் கூட்டிட்டுப் போ," என்றாள். "புபுத்தி."

தபீதா பின்னுக்கு நகர்ந்தாள். "அக்கா, என் வீட்டுல ஏற்கெனவே..."

முடிக்க முடியவில்லை. அந்தச் சொல்லுக்கு அந்தப் பதில் கிடையாது.

"ஆகட்டும்," என்றாள்.

அடுத்தவள் எழுந்தாள், பையன் ஒருத்தனைத் தள்ளிக்கொண்டு. அவனுக்கு வர இஷ்டமில்லை, தூணைக் கட்டிக்கொண்டான். விரல் விரலாகப் பிரித்து இழுத்து வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி இடுப்புக் குழந்தையோடு வந்தாள், அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர் பேரனோடு வந்தார். சண்டையில்லை, அழுகையில்லை. தேவாலயத்தில் திருவிருந்து வாங்க நிற்கிற மாதிரி வரிசையாக, முறையாக வந்து உட்கார்ந்து கேட்டார்கள். தபீதா ஆகட்டும், ஆகட்டும் என்றாள். விமானத்தில் எத்தனை பேர் ஏற முடியும் என்று யாரும் கேட்கவில்லை. தாரவாவில் அவள் வீட்டில் ஏற்கெனவே எத்தனை பேர் நெருக்கிப் படுக்கிறார்கள் என்றும் கேட்கவில்லை.

தென் ஊரியாம் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். அவர் தலை வழுக்கை என்பதை ஊரே அன்றைக்குத்தான் பார்த்தது. குனிந்து, நிதானமாக, காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

"பெரியவரே, வேண்டாம்," என்றாள் தபீதா. இப்போது அழுதுகொண்டிருந்தாள். "போடாதீங்க."

"ஏம்மா? மத்த தீவுக்காவது தொட்டி வரட்டும்." காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "உன் திட்டம் நல்லாத்தான் வேலை செய்யுது. முதல்ல குழந்தைங்க. எங்க கப்பல்லயும் அப்படித்தான்."

காகிதத்தின் ஒரு மூலை ஈரத்தில் நனைந்தது. யாரும் எடுக்கவில்லை.

வரிசை குறைந்து வந்தது. கடைசியில் மெரேதா மட்டும் இருந்தாள். காலையிலிருந்து ஓயாத அந்த வாய் இப்போது மூடிக் கிடந்தது. ஓரத்துக் கணுக்கால் அளவுத் தண்ணீரில் மெல்ல நடந்து வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, கஷ்டப்பட்டுத் தபீதாவின் முன்னால் உட்கார்ந்தாள். அவள் கையில் குழந்தை எதுவும் இல்லை. தபீதாவுக்கு ஒரு கணம் நிம்மதி வந்தது.

மெரேதா தபீதாவின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே ஒரு உதை.

"இது பொறந்ததும்," என்றாள். "புபுத்தி."